தரை வியர்க்கும் நாளில் ஜன்னலைத் திறக்கலாமா?

பிப்ரவரி மாதம். இரண்டு நாள் மழை ஓய்ந்து, வடக்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்குகிறது. மொரீஷியஸின் மேட்டுப்பகுதி ஊர்களான கியூர்ப்பிப், ஃப்ளோரேயால், வாக்வா பக்கத்து வீடுகளில் டைல் தரை ஈரமாகி வழுக்குகிறது. துடைத்த அரைமணி நேரத்தில் மறுபடியும் ஈரம். அடியிலிருந்து தண்ணீர் ஊறுகிறதோ என்று பயந்து, காற்றோட்டம் வந்தால் காய்ந்துவிடும் என்று எல்லா ஜன்னல்களையும் திறந்துவிடுகிறார்கள். தரை இன்னும் நனைகிறது.

அடியிலிருந்து எதுவும் ஊறவில்லை. அந்தத் தண்ணீர் ஜன்னல் வழியாகத்தான் வந்தது. 26 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 20.7 கிராம் நீராவி இருக்கும். மழையில் குளிர்ந்த தரை 22 பாகையில் இருக்கிறது. 22 பாகைக் காற்றால் 19.4 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மிச்சமுள்ள ஒரு கிராமுக்கும் சற்று அதிகமானது தரையில் இறங்கிவிடும். காற்று வர வர, ஒவ்வொரு கன மீட்டரும் தன் பங்கை வைத்துவிட்டுப் போகும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதே கணக்கில்தான்.

மொரீஷியஸின் மேட்டுப்பகுதியில் வீட்டுக் காற்றைச் சரிசெய்ய நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. ஈரப்பத மீட்டரும் வானிலைச் செய்தியும் சொல்லும் சதவீதத்தை வைத்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது பனிப்புள்ளியை. அதாவது, காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி தண்ணீராக இறங்கத் தொடங்குமோ அந்த வெப்பநிலையை.

அதை மனக்கணக்காகவே போடலாம். 100-லிருந்து ஈரப்பதச் சதவீதத்தைக் கழியுங்கள். வந்ததை ஐந்தால் வகுத்து, வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 26 பாகை, 85 சதவீதம் என்றால் 15-ஐ ஐந்தால் வகுக்க 3, பனிப்புள்ளி 23. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை இந்தக் குறுக்குவழி பெரும்பாலும் ஒரு பாகைக்குள் சரியாக வரும். நம் ஊரில் ஈரப்பதம் 50-க்குக் கீழே போகும் நாட்கள் குறைவு என்பதால் இதுவே போதும்.

இப்போது ஜூலை மாதத்து விடியற்காலையைப் பாருங்கள். வெளியே 14 பாகை, 95 சதவீதம். இருவர் தூங்கி எழுந்த அறைக்குள் 20 பாகை, 82 சதவீதம். வெளியே 95 என்று பார்த்தவர் ஜன்னலை இறுக மூடிவிடுவார். கணக்குப் போட்டால் வெளியே பனிப்புள்ளி 13, உள்ளே 16.4. வெளிக்காற்றுதான் வறண்டது! திறந்தால் அறை காயும். அன்றைக்கே நண்பகலில் வெளியே 21 பாகை, 60 சதவீதம் என்று மீட்டர் காட்டும். அதன் பனிப்புள்ளியும் 13தான். விடியற்காலை 95-ம் நண்பகல் 60-ம் பல நாட்களில் ஒரே காற்றுதான், நடுவில் வெயில் அதைச் சூடாக்கியிருக்கிறது, அவ்வளவே. நண்பகலில் திறப்பதன் ஆதாயம் வேறு: சுவரும் சேர்ந்து சூடாகும்.

ஆகவே ஜன்னலுக்கான விதி இது. வெளியே பனிப்புள்ளி உள்ளே இருப்பதைவிட இரண்டு பாகையாவது குறைவாக இருந்தால் திறங்கள். எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் காற்றோட விட்டு மூடுங்கள். நாள் முழுதும் அரைகுறையாகத் திறந்து வைத்தால் குளிர்காலத்தில் சுவர் குளிர்ந்துபோகும், அது நமக்கு நல்லதல்ல. வெளியே பனிப்புள்ளி, வீட்டின் மிகக் குளிர்ந்த தரை அல்லது சுவரின் வெப்பநிலையைவிட அதிகமாக இருந்தால் மூடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் மூச்சுக்குத் தேவையான அளவு மட்டும் திறந்திருக்கட்டும். முழுக்க அடைத்து வைப்பதும் கூடாது. 28 கன மீட்டர் படுக்கையறையில் இருவர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தூங்கினால் விடிவதற்குள் கரியமில வாயு 2000 பிபிஎம்மை (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2000 பங்கு) தாண்டுவது சாதாரணம். எழும்போது தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதற்கு வேண்டிய கருவிகள் எளியவை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் டிஜிட்டல் மீட்டர் இரண்டு: ஒன்று படுக்கையறைக்கு, இன்னொன்று வெயிலும் மழையும் நேராகப் படாத வெளி வராந்தாவுக்கு. மலிவான மீட்டர்கள் ஐந்தாறு சதவீதம் பிசகிக் காட்டும் என்பதால் வாங்கியதும் உப்புச் சோதனை செய்யுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போலக் குழையுங்கள். உப்பு கரைந்துபோகக் கூடாது. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாகப் போட்டு மூடி, இரவு முழுதும் வெப்பம் மாறாத இடத்தில் வையுங்கள். காலையில் மீட்டர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அதன் எண்ணோடு எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரையும் ஒரே பையில் சோதித்தால் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதும் தெரிந்துவிடும். மூன்றாவது கருவி, சுவரின் வெப்பநிலையைத் தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி. பூஞ்சணத்தைத் தேடிப் பிடிக்க இதைவிட உதவும் பொருள் இல்லை.

ஏனென்றால் பூஞ்சணம் அறையின் நடுவில் முளைப்பதில்லை, சுவரில் முளைக்கிறது. அறையில் 20 பாகை, 70 சதவீதம். பார்வைக்கு மோசமில்லாத எண். ஆனால் காற்று அதிகம் அடிக்கும் தென்கிழக்குச் சுவரின் மூலையில் அலமாரிக்குப் பின்னால் வெப்பமானியைக் காட்டினால் 16 பாகை. அதே காற்று அந்தச் சுவரைத் தொட்டுக் குளிரும்போது, சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் ஈரப்பதம் 90 சதவீதம். பரப்பில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டிச் சில நாட்கள் நீடித்தால் பூஞ்சணத்துக்குச் சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை. அறையின் ஈரப்பதத்தை 60-க்குக் கொண்டுவந்தால் அதே மூலையில் 77 ஆகிறது, பூஞ்சணத்துக்குப் போதாது. 60-க்கு மேல் போக விடாதீர்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம். தூசிப் பூச்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவை தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வாழ்கின்றன. ஈரப்பதம் தொடர்ந்து 50-க்குக் கீழே இருந்தால் மெத்தைக்குள் அவற்றால் பிழைக்க முடியாது. மேட்டுப்பகுதியில் 50 என்பது கடினமான இலக்கு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அறையில் மட்டுமாவது அதற்கு முயல்வது நியாயம்.

நம் வீடுகள் ஏன் இப்படி? 1960 ஜனவரியில் அலிக்ஸ், அடுத்த மாதமே கரோல். அந்த இரண்டு புயல்களும் மரமும் தகரமும் வைத்துக் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளைச் சாய்த்தன. அதன்பின் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. கான்கிரீட் பிளாக் சுவர், மேலே 'டால்' என்று எல்லோரும் சொல்லும் தட்டைக் கான்கிரீட் கூரை. புயலுக்கு அது சரியான பதில்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய மர வீடு இடுக்குகள் வழியாகத் தானாகவே மூச்சு விட்டது, கான்கிரீட் வீட்டில் அதை நாம்தான் செய்ய வேண்டும். தீவு முழுதுக்குமான ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர். மேட்டுப்பகுதியில் அதைவிட மிக அதிகம், மேற்குக் கரையில் அதில் பாதிகூட இல்லை. மேற்குக் கரையிலுள்ள போர்ட் லூயிஸ்காரர் சொல்லும் யோசனை கியூர்ப்பிப்பில் பலிக்காமல் போவதும் அதனால்தான்.

அடுத்தது, நாமே வீட்டுக்குள் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர். தூங்கும்போது ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி விடுகிறார். எட்டு மணி நேரத்தில் இருவர் 640 கிராம். முன்னே சொன்ன 28 கன மீட்டர் அறையில் 20 பாகைக் காற்று மொத்தமாகத் தாங்கக்கூடியதே 484 கிராம்தான். மிச்சம் ஜன்னல் கண்ணாடிக்கும் சுவருக்கும் மெத்தைக்கும் போகிறது. எழுந்தவுடன் போர்வையை மடித்து மெத்தையை மூடிவைக்கும் நல்ல பழக்கம் இங்கே எதிராக வேலை செய்கிறது. ஒரு மணி நேரம் விரித்துப் போட்டு ஆற விடுங்கள்.

சமையலறையில் பானையிலிருந்து வரும் ஆவி கண்ணுக்குத் தெரியும். கேஸ் அடுப்பின் சுடரே தண்ணீரை உண்டாக்குவது தெரியாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் நீராவியாக வெளிவருகிறது. 12 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 19 லிட்டர்! ஒரு மாதம் வரும் சிலிண்டர் என்றால் நாளுக்கு 600 மில்லிக்கு மேல். சோறும் பருப்பும் கொதிக்கும் ஆவி தனி. பானையை மூடிச் சமைப்பதும் கொதி வந்ததும் சுடரைத் தணிப்பதும் கேஸையும் மிச்சம் பிடிக்கும், சுவரையும் காக்கும். அடுப்புக்கு மேலே பொருத்தும் புகைபோக்கி வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: காற்றை வெளியே தள்ளுகிறதா, கரித்தூள் வடிகட்டி வழியாக அதே அறைக்குத் திருப்பி விடுகிறதா? திருப்பி விடுவது வாசனையைக் கொஞ்சம் குறைக்கும், நீராவியில் ஒரு சொட்டைக்கூட நீக்காது. வெளியே தள்ளுவதே வேண்டும், மணிக்கு 170 கன மீட்டராவது இழுக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தனிச் சமையற்கட்டு இருந்தால் நீண்ட நேரம் கொதிக்கும் சமையலை அங்கே வைத்துக்கொள்வது எந்த இயந்திரத்தையும்விட மேல்.

குளியலறைக்கு மணிக்கு 85 கன மீட்டர் மின்விசிறி போதும். பெரும்பாலும் விசிறி நன்றாகவே இருக்கும், பொருத்தியதுதான் தவறாக இருக்கும். வளைந்து நெளியும் மடிப்புக் குழாயை இரண்டு மூன்று திருப்பத்தோடு போட்டால் காற்றின் அளவு பாதியாகிவிடும். நேரான, உட்புறம் வழவழப்பான 100 மில்லிமீட்டர் குழாயைக் குறுகிய வழியில் வெளிச்சுவருக்குக் கொண்டுபோங்கள். வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக இருக்கட்டும், உள்ளே குளிரும் தண்ணீர் விசிறிக்குள் திரும்பி வராது. வெளிவாயில் தென்கிழக்கைப் பார்த்தால் காற்று எதிர்த்துத் தள்ளும், மூடி உள்ள வாயாகப் போடுங்கள். அடுத்து, விசிறி வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவுக்கடியில் 15 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாவிட்டால் விசிறி சத்தம் மட்டும்தான் போடும். குளித்த பிறகும் அரை மணி நேரம் ஓட வேண்டும். ஒருவர் கை மறந்தாலும் நடக்கும்படி டைமர் சுவிட்ச் வைப்பது நல்லது.

குளியலறைக்குள்ளேயே கேஸ் வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத்தைவிட அதில் கார்பன் மோனாக்சைடு பெரிய ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு குளிரும் மழையுமான நாளில், ஜன்னலை அடைத்துக் குளிக்கும்போதுதான் சேரும். கருவியை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும்வரை ஜன்னலை மூடாதீர்கள்.

துணிக்கு வருவோம். ஐந்து கிலோ துணியை இயந்திரம் பிழிந்து தந்த பிறகும் அதில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரக்கணக்கில் தூறும் குளிர்காலத்தில் அது கூடத்திலும் படுக்கையறையிலும் காய்கிறது. எத்தனையோ வீடுகளில் பூஞ்சணத்துக்கு முதல் காரணம் இது ஒன்றே. பிழியும் வேகத்தை இயந்திரம் அனுமதிக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். உள்ளேதான் காய வைக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே சிறிய அறையைத் தேர்ந்தெடுத்து, கதவை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் ஒரு மேசை விசிறியையும் ஓட விடுங்கள். இரண்டரை லிட்டரும் தொட்டிக்கே போகும், சுவருக்குப் போகாது.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கும்போது பெட்டியில் '20 லிட்டர்' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண் பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீதத்தில் அளந்தது. 20 பாகை அறையில் பாதியோ அதற்கும் குறைவோதான் வரும். கம்ப்ரெஸ்ஸர் வகை 15 பாகைக்குக் கீழே போனால் சுருளில் பனி கட்டி, உறிஞ்சுவதைவிட உருக்குவதிலேயே நேரத்தைப் போக்கும். டெசிகன்ட் வகையில் ஈரம் உறிஞ்சும் சக்கரம் இருக்கும், அது குளிரிலும் நன்றாக வேலை செய்யும், அறையையும் சில பாகை சூடாக்கும், ஆனால் மின்சாரம் கூடுதலாகத் தின்னும். கியூர்ப்பிப்பிலும் ஆட்கள் வாழும் அறை 16 பாகைக்குக் கீழே போவது அரிது என்பதால் கம்ப்ரெஸ்ஸர் வகையே போதும் என்பது என் கருத்து. வெயில் படாத சாமான் அறைக்கு மட்டும் டெசிகன்ட். 250 வாட் இயந்திரம் ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். ஈரப்பத அளவை 55-ல் வையுங்கள், 45-ல் வைத்தால் அது நிற்கவே நிற்காது. ஓடும்போது ஜன்னல் திறந்திருந்தால் முழுத் தெருவையும் காய வைக்க முயல்வதற்குச் சமம். 'நாக்கோ' எனும் கண்ணாடிப் பட்டை ஜன்னல் உள்ள அறையில் பட்டைகளுக்கு நடுவே எப்போதும் காற்று கசியும். அங்கே முதலில் ஒளி ஊடுருவும் தகட்டை உட்புறமாகப் பொருத்தி அடையுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி இயந்திரம் நடுராத்திரியில் நின்றுபோவதைத் தவிர்க்க, பின்புறத் துளையில் குழாய் மாட்டி குளியலறை வடிகாலுக்கு விடலாம், வழி முழுதும் கீழ்நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

கடலோர வீடுகளில் ஏசி இந்த வேலையையும் செய்யும், அளவு சரியாக இருந்தால். 12 சதுர மீட்டர் அறைக்கு 9000 பிடியு (ஏசியின் குளிரூட்டும் திறன்) போதும். 'சீக்கிரம் குளிரட்டும்' என்று 18000 போட்டால் ஐந்து நிமிடத்தில் வெப்பநிலையை எட்டி நின்றுவிடும், சுருளில் தண்ணீர் சேர நேரமே இராது. அறை குளிர்ந்தும் பிசுபிசுக்கும். 25 அல்லது 26-ல் நீண்ட நேரம் ஓடுவதே ஈரத்தை இழுக்கும். 20-ல் வைத்தால் சுவரே 20 பாகைக்குக் குளிர்கிறது. கோடையில் வெளிக்காற்றின் பனிப்புள்ளி 23. அந்தக் காற்று நாக்கோ வழியாகவோ பக்கத்து அறையிலிருந்தோ சுவரைத் தொட்டால் அங்கே பூஞ்சணம் நிச்சயம். ஏசி அறைக்கு அடுத்த அறையில், பொதுச்சுவரின் மறுபக்கம் கறுப்புப் புள்ளி வந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் சுவர் காயவில்லை என்றால் தண்ணீர் கட்டடத்திலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒருநாள் கழித்து, தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம், மேலே சொன்ன வழிகளே போதும். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்திருந்தால் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அப்போது எந்த இயந்திரமும் தீர்வல்ல. ஜன்னல் படிக்கல்லின் அடிப்பக்கத்தில் சொட்டு நீரை வெட்டிவிடும் பள்ளக் கோடு இருக்கிறதா? இல்லையென்றால் தென்கிழக்கு மழை படியைச் சுற்றி உள்ளே ஊரும். வெளிப்பூச்சில் விரிசலா? பூந்தோட்டத்து மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு ஏறிவிட்டதா? குறைந்தது 15 சென்டிமீட்டர் தாழ்வாக இருக்க வேண்டும். சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அதன்மேல் பளபளப்பான பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால் ஆறு மாதத்தில் கொப்புளம் விடும், ஏனென்றால் ஈரம் வெளியேற வழி கேட்கிறது. சுண்ணாம்பு போல மூச்சு விடும் பூச்சே அங்கே பொருந்தும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சணமும் அதில் எளிதில் பிடிக்காது.

ஏற்கெனவே பிடித்த பூஞ்சணத்தை எடுக்கும்போது உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்காதீர்கள். வித்துகள் வீடெங்கும் பறக்கும். எஃப்எஃப்பி2 முகக்கவசம், கையுறை, கண்ணாடி. அறைக்கதவை அடைத்து ஜன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறி வேண்டாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திர சோப்பு கரைத்துச் சுவரை முதலில் நனைத்து, பிறகு துணியால் துடைத்தெடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள், பிறகு தூக்கி எறியுங்கள். சுத்தத் தண்ணீரால் மறுபடி துடைத்து, அன்றைக்கே காய வையுங்கள். ஜாவெல் எனும் குளோரின் வெளுப்புத் திரவத்தை ஊற்றினால் கறை வெளுத்து மறைவதால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். டைல், கண்ணாடி போன்றவற்றில் அது சரி. துளையுள்ள பூச்சுச் சுவரில் அதிலுள்ள தண்ணீர்தான் உள்ளே இறங்கும், குளோரின் மேலேயே நின்றுவிடும், சில வாரத்தில் அதே இடத்தில் திரும்ப முளைக்கும். ஜாவெலை வினிகரோடோ கழிவறை அமிலத்தோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். அம்மோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் அந்த வேலை தெரிந்தவரை அழையுங்கள். நனைந்த மெத்தையும் கம்பளமும் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் வைத்துக்கொள்ள வேண்டாம். புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாத நாட்களில் இந்தக் கெடுவை நினைவில் வைத்து, முதலில் அவற்றைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பூஞ்சண நாற்றத்தை மறைக்கச் சாம்பிராணி போடும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாலையில் விளக்கேற்றித் தூபம் காட்டாத தமிழ் வீடு இங்கே குறைவு, அதை விடச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் தூபக்கால் கரி கார்பன் மோனாக்சைடு விடும். மூடிய படுக்கையறையில் கனலும் கரியை வைத்துவிட்டு வருவது, கைக்குழந்தை தூங்கும் அறைக்குக் காட்டுவது, இரண்டும் வேண்டாம். தூபத்தை வாசலிலும் கூடத்திலும் எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கும்போது காட்டி, பிறகு தூபக்காலை வெளி முற்றத்தில் வைத்துவிடுங்கள். கற்பூரச் சுடரின் கரி சுவரிலும் கூரையிலும் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கரிதான் நுரையீரலுக்கும் போகிறது. சிறிய துண்டு போதும். எண்ணெய் விளக்கின் திரியைக் குட்டையாக வைத்தால் புகையாது, சுடர் நுனி கறுத்துத் துடித்தால் திரி நீளம் என்று பொருள். கொசுவர்த்திச் சுருள் இவற்றையெல்லாம்விட மோசம்: ஒரு சுருள் முழுதாக எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாக 2003-ல் அளந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வலையடிப்பது ஒருமுறைச் செலவு. பனிப்புள்ளி பார்த்து ஜன்னலைத் திறக்கவும் வலை இருந்தால்தான் மாலையில் முடியும்.

ஹெப்பா எனும் நுண்துகள் வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் புகையையும் வித்துகளையும் பிடிக்கும், ஈரத்தைத் தொடாது. ஈரத்தை முதலில் குறைக்காமல் அதை வாங்குவது வீண். ஓசோன் விடும் கருவிகளை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி, கால் வைத்து உயர்த்தி நிறுத்துங்கள், முடிந்தால் உட்சுவருக்கே மாற்றுங்கள். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா அறைக்குப் போதாது, வாரக்கணக்கில் சில நூறு மில்லிதான் எடுக்கும். மூடிய அலமாரிக்குள் மட்டும் பயன்படும். அதில் சேரும் திரவம் உலோகத்தை அரிக்கும், தோலைக் கெடுக்கும், கவிழாத இடத்தில் வையுங்கள். காவடிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் பட்டுப் புடவைகளைப் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் சரிகையைக் கறுக்க வைக்கும். வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, பனிப்புள்ளி குறைந்த ஒரு குளிர்கால நண்பகலில் நிழலில் ஆற விட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.

டாலுக்கான வேலைகளை அக்டோபரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் மழை மிகக் குறைந்த மாதம் அதுதான், நவம்பரில் கோடை தொடங்கிவிடும். மேலே ஏறி வடிகால் வாய்களில் அடைந்த இலையை எடுங்கள். மழை நின்று ஒருநாள் கழித்தும் தண்ணீர் தேங்கும் இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக் குறியுங்கள். மீட்டருக்கு 12 மில்லிமீட்டராவது சரிவு வேண்டும், இல்லாத இடத்தில் காரை போட்டுச் சரிவு கொடுத்த பிறகே 'எத்தான்ஷேயித்தே' எனும் நீர்த்தடுப்புப் படலம் போட வேண்டும். வருங்கால மாடிக்காக நீட்டி விட்ட கம்பிகளின் அடியைத் தனியாகப் பாருங்கள். கம்பி துருப்பிடித்து வீங்கி, சுற்றிலும் மயிரிழை விரிசல் விட்டு, தண்ணீர் அதன் வழியே கூரைக்குள் இறங்கும். துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, அடியைச் சுற்றி நீர்த்தடுப்புப் பசையை மேடாக அணைத்துக் கட்டி, நுனிக்குத் தொப்பி மாட்டுங்கள். புதிதாகப் படலம் போடுபவர்களுக்கு ஒரு யோசனை: தெளிந்த குளிர்கால இரவில் டால் வானத்துக்கு வெப்பத்தை விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். படுக்கையறைக் கூரையின் மூலைகள் முதலில் கறுப்பது அதனால்தான். ஆகவே, டாலுக்கு மேல் 50 மில்லிமீட்டர் நுரைப் பலகையையும் அதே வேலையோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். படலத்தை மறுபடி கிழித்துப் பலகை போடுவது இரட்டைச் செலவு.